எதிர்க்கரையில் ஜாவாக்காரர் பாட்டு



நம் தூத்துக்குடி 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போனது. அந்த டச்சுக் கம்பெனிக்கு ஆசியத் தலைமையிடம் ஜாவாத் தீவின் பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. அங்கே தங்களை எதிர்த்த அரசர்களையும், சேர்த்த சிப்பாய்களையும் நம் எதிர்க்கரையான இலங்கைக்குக் கப்பலேற்றினார்கள். மாதரம் அரசர் மூன்றாம் அமங்குராத் 1708-இல் அப்படி வந்து, 1734-இல் அங்கேயே இறந்தார்.

ஜாவாவின் பெருமை கமெலான். வெண்கலச் சேமக்கலங்களும் தட்டுகளும் ஒரே சுருதியில் சேர்ந்த பெரிய வாத்தியக் கூட்டம். ராமாயண, மகாபாரத நிழற்பாவைக் கூத்துக்கு அதுதான் இசை. ஒருவர் தனியே வாசிக்க முடியாது. பல கைகள் வேண்டும். இலங்கையில் வேர்விட்டதோ, சுமையில்லாமல் நாவிலேயே வந்த 'பந்துன்' என்ற நாலடிப் பாட்டு. கல்யாண வீடுகளில் பாடுவார்கள்.

இலங்கைத் தமிழர் இவர்களை 'ஜாவா மனுசர்' என்பர். இந்தோனேசியாவில் 'நான் உண்டேன் சோறு' என்ற வரிசையில் பேசுவார்கள். தமிழும் சிங்களமும் பேசுவோரோடு பழகிய இவர்கள் மலாயிலோ நம்மைப் போல 'நான் சோறு உண்டேன்'தான்.

2012 கணக்கெடுப்பில் இவர்கள் 40 ஆயிரத்துக்கு மேல். இளையவர்கள் வீட்டிலேயே வேறு மொழிக்கு மாறி வருகிறார்கள். மொழி போனால் பந்துனும் போகும். கொழும்பிலிருக்கும் நம் பிள்ளைகளே, ஜாவா நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால், பெரியவர்களைப் பாடச் சொல்லிக் கேளுங்கள்.