ராஜா எழுதிய சமையல் குறிப்பு

ஒகேனக்கல்லில் அருவி கண்ணில் படுவதற்கு முன்பே மீன் வாசனை மூக்கில் ஏறிவிடும். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' நம்ம கல்தான். சாரல் புகைபோலக் கிளம்புவதால் வந்த பேர். கூடவே விறகடுப்புப் புகை வேறு! மீனை வாங்கிக் கொடுத்தால் போதும். அங்கிருக்கும் சமையல்கார அம்மாக்கள் கழுவி, மசாலா தடவி, வறுத்து, குழம்பும் வைத்துத் தந்துவிடுவார்கள். கூலி தனி.

இந்தக் கைப்பக்குவத்தையெல்லாம் யாராவது எழுதி வைத்தார்களா?

காவிரி எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அந்தக் கன்னட தேசத்தின் வடகோடியில் ஒரு ராஜாவே எழுதி வைத்திருக்கிறார். கல்யாணிச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேஸ்வரன். 1130 வாக்கில் அவர் பெயரில் வந்த சம்ஸ்கிருத நூல் 'மானசோல்லாசம்'. மொத்தம் 100 அத்தியாயம். அரசியல், யானை, சங்கீதம்... எல்லாம் உண்டு. சாப்பாட்டுக்கென்றே ஒரு பகுதி, 'அன்னபோகம்'. படித்தால் நாக்கில் ஊறும். சில இடங்களில் குமட்டவும் செய்யும்! கறியைத் துண்டு போட்டு, மசாலாவில் ஊறவைத்து, கம்பியில் குத்தித் தணலில் சுடுவது எப்படி? இருக்கிறது. முழுப் பன்றிமேல் வெள்ளைத் துணி போர்த்தி, வெந்நீர் ஊற்றி முடியைக் களைவது? அதுவும் இருக்கிறது. எலி வறுவல்கூட உண்டு. மீனுக்கு எண்ணெயும் உப்பும் தேய்த்து வாடை போக்கி, மஞ்சள் பூசி... அட, நம்ம வீட்டில் செய்வதேதான்! எந்த மீனுக்குத் தூண்டிலில் என்ன இரை என்பதைக்கூட விடவில்லை மனுஷர்.

சரி, நம்ம பக்கம்? சுட்ட கறிக்குப் பஞ்சமே இல்லை. 'பொருநராற்றுப்படை'யில் கரிகாலன் விருந்தில் கறி தின்று தின்றே பொருநனுக்குப் பல் தேய்ந்துபோகிறது. ஒகேனக்கல் இருக்கும் தருமபுரி, அந்தக் காலத்துத் தகடூர். அதியமான் ஊர். அவன் செத்தபோது ஔவை அழுத புறநானூற்றுப் பாட்டில்கூட, அவன் பகிர்ந்து கொடுத்த கள்ளும் கறியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால், செய்முறை? மூச்! பாடியவர் சாப்பிட்டவர். சுட்டவர் யாரென்று ஒரு தகவலும் கிடையாது.

1951-ல் எஸ்.மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வந்தது. அளவு சுத்தமாக எழுதிய அருமையான புத்தகம். முழுக்கச் சைவம், அதில் மீனைத் தேடுவது நியாயமில்லை. பிறகு அசைவப் புத்தகங்களும் குவிந்தன. நான் புரட்டியவரை, பெரும்பாலும் கேஸ் அடுப்பை நம்பி எழுதியவை. விறகை எந்த நேரத்தில் வெளியே இழுப்பது என்று சொல்ல ஆளில்லை.

அடுத்த தடவை ஒகேனக்கல் போனால், பரிசலுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் ஒரு நோட்டோடு அந்த அடுப்புப் பக்கம் உட்காருங்கள். மிளகாய் எவ்வளவு, மீனை எப்போது திருப்புகிறார்கள், எல்லாம் கேட்டு எழுதுங்கள். கூலிக்கு மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். குறிப்புக்குக் கீழே, அந்த அம்மா சம்மதித்தால், அவர் பேரையும் போடுங்கள்.