ஃபவாரா என்றால் தண்ணீரூற்று

இத்தாலியின் சிசிலித் தீவில் எங்கள் ஊரின் பெயரோடு ஓர் ஊர் இருக்கிறது. அக்ரிஜென்தோவுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய நகரம் அது. பெயர் ஃபவாரா. ‘ஃபவ்வாரா’ என்ற அறபுச் சொல் அங்குள்ளவர்களின் வாயில் அப்படி மருவி நிற்கிறது. பொருள், நிலத்திலிருந்து பொங்கி வரும் நீர். தமிழில் சொன்னால் தண்ணீரூற்று.

எங்கள் ஊருக்குப் பெயர் வந்த காரணத்தை முள்ளியவளைப் பக்கத்தில் யாரிடமும் கேட்கலாம். ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயிலின் பெயரே சாட்சி. ஃபவாராவுக்கும் காரணம் அதேதான். ஆனால் அந்தப் பெயரை வைத்த சமூகத்தில் ஒரு குடும்பம்கூட இன்று அங்கே இல்லை. பெயர் இருக்கிறது, ஆட்கள் இல்லை. அது எப்படி நடந்தது, அதில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், ஒரு பிளேன்ரீயோடு இருந்து வாசியுங்கள்.

முதலில் எங்களுக்குத் தெரிந்த சிசிலியிலிருந்து தொடங்குவோம்.

வடக்கில் ‘இத்தாலியில் இருக்கினம்’ என்று யாராவது சொன்னால், பல வேளை அது சிசிலியின் தலைநகரான பலெர்மோவாக இருக்கும். 1983க்குப் பிறகு எங்கள் பகுதிகளிலிருந்து வெளிக்கிட்டவர்களில் ஒரு பங்கினர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். வீட்டு வேலை, வயோதிபர்களைப் பார்க்கும் வேலை, உணவகங்களில் கோப்பை கழுவும் வேலை. 1990 பெப்ரவரியில் இத்தாலியில் ‘மார்த்தெல்லி சட்டம்’ வந்தது. பத்திரம் இல்லாமல் ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த வெளிநாட்டவர்கள் தங்களைப் பதிந்து வதிவிட அனுமதி பெற அது வழி திறந்தது. 1990 என்ற ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வரும்.

அந்தப் பயணத்தில் போய்ச் சேராதவர்களும் உண்டு. 1996 நத்தார் இரவில் மோல்ட்டாவுக்கும் சிசிலிக்கும் இடையில் ஒரு சிறு படகு மூழ்கியது. பெரிய கப்பலிலிருந்து நடுக்கடலில் அதற்குள் மாற்றி ஏற்றப்பட்ட இந்தியர்கள், பாகிஸ்தானியர்கள், இலங்கைத் தமிழர்கள் 283 பேராவது இறந்தார்கள். உயிர் தப்பியவர்கள் சொன்னதை அப்போது பலர் நம்பவில்லை. போர்தோபாலோ மீனவர்களின் வலைகளில் சடலங்கள் வந்தன. சட்டச் சிக்கலுக்குப் பயந்து அவற்றைத் திரும்பவும் கடலில் போட்டார்கள். கடைசியில் வலையில் சிக்கிய ஓர் இலங்கைத் தமிழ் இளைஞனின் அடையாள அட்டைதான் உண்மையை வெளியே கொண்டுவந்தது. 2001இல் ஓர் இத்தாலியப் பத்திரிகையாளர், கடலடியில் கிடந்த படகைப் படம் பிடித்துக் காட்டினார். எங்கள் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடத்தில் இந்தக் கதை இல்லை.

போய்ச் சேர்ந்தவர்கள் பலெர்மோவைத் தங்கள் ஊராக்கிக்கொண்டார்கள். நகரத்துக்கு மேலே பெல்லெக்ரீனோ என்ற மலை இருக்கிறது. அதன் குகையில் புனித ரொசாலியாவின் தலம். 1624இல் கொள்ளைநோய் பரவியபோது நகரத்தைக் காத்தவர் என்று கத்தோலிக்கர்கள் நம்புகிறார்கள். அந்த மலைக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, சைவர்களும் ஏறுகிறார்கள், நேர்த்தி வைக்கிறார்கள். குகைப் பாறையிலிருந்து சொட்டும் நீரை அங்கே புனிதமாகக் கருதுவார்கள். வற்றாப்பளைக்கு நடந்து போய்ப் பழகிய கால்களுக்கு அந்த மலை புதிதாக இருந்திருக்காது.

இனி அந்த நகரத்தின் தெருக்களுக்குக் கீழே இருக்கும் வரலாற்றைப் பார்ப்போம். பலெர்மோவின் பழைய பகுதிகளில் ஒன்றான ‘கல்ஸா’, அறபில் ‘அல்-காலிஸா’ என்று இருந்தது. நகரத்துக்கே ‘பலர்ம்’ என்று பெயர். கத்தீட்ரலின் தெற்கு வாசல் தூண் ஒன்றில் அல்-அஃராஃப் அத்தியாயத்தின் வசனம் ஒன்று செதுக்கியபடியே இன்றும் இருக்கிறது.

827இல் கைரவானின் காழி அஸத் இப்னுல் ஃபுராத் ஒரு படையோடு சிசிலியின் மஸாராவில் வந்து இறங்கினார். இமாம் மாலிக்கிடம் பாடம் கேட்ட அறிஞர் அவர். அடுத்த ஆண்டே சிரக்கூசா முற்றுகையின்போது இறந்துபோனார். 831இல் பலெர்மோ விழுந்தது, 878இல் சிரக்கூசா, 902இல் தாவோர்மினா. வந்தவர்கள் வாளோடுதான் வந்தார்கள். சிரக்கூசாவில் நடந்த அழிவை மூடி மறைத்துவிட்டுப் பெருமை மட்டும் பேசினால் அது வரலாறு அல்ல.

ஆனால் வந்தவர்கள் அங்கேயே தங்கி மண்ணைக் கொத்தினார்கள். எலுமிச்சை, புளித்தோடை, கரும்பு எல்லாம் அவர்கள் காலத்தில் அந்தத் தீவில் வேரூன்றின. தண்ணீர் இல்லாமல் தோட்டம் இல்லை என்பதை வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் விட்டுப்போன நீர்ச் சொற்களைச் சிசிலி விவசாயிகள் இன்னும் பேசுகிறார்கள். ‘ஜெப்யா’ என்றால் தண்ணீர்த் தொட்டி, அறபில் ஜாபியா. ‘சாயா’ என்றால் வாய்க்கால், அறபில் ஸாகியா. ‘சேனியா’ என்றால் நீர் இறைக்கும் சக்கரம், அறபில் ஸானியா. பலெர்மோவின் நிலத்துக்கு அடியில் ‘கனாத்’ என்ற சுரங்க வாய்க்கால்கள் இன்றும் உள்ளன.

ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. 10ஆம் நூற்றாண்டில் பலெர்மோவைப் பார்த்த பயணி இப்னு ஹவ்கல், அங்கே 300க்கு மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்ததாக எழுதினார். கூடவே, அந்த ஊரில் ஆசிரியர்கள் அளவுக்கு மிஞ்சி இருக்கிறார்கள், போருக்குப் போகாமல் தப்பத்தான் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள், அறிவும் குறைவு என்றும் எழுதினார். ஊர் மக்களின் மந்த புத்திக்கு அவர் கண்ட காரணம், பச்சை வெங்காயத்தை மிதமிஞ்சிச் சாப்பிடுவது! எங்கள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். அடுத்த நாள் சம்பலில் வெங்காயம் குறையவில்லை.

1072இல் நோர்மன்கள் பலெர்மோவைப் பிடித்தார்கள். 1091இல் கடைசிக் கோட்டையான நோட்டோவும் போனது. ஆட்சி போனாலும் மக்கள் உடனே போகவில்லை. கிறிஸ்தவ மன்னர் இரண்டாம் ரொஜரின் அரசவையில் இருந்துதான் அல்-இத்ரீஸி 1154இல் தன் பெரிய புவியியல் நூலை முடித்தார். 70 பிரதேசப் படங்கள், தெற்கு மேலே இருக்கும்படி வரைந்த உலகம். அதே நூலில், பலெர்மோவுக்குக் கிழக்கே ட்ராபியா என்ற ஊரில் ‘இத்ரியா’ என்ற காய்ந்த மாவு நூலைச் செய்து கப்பலில் முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் அனுப்புவதாக எழுதுகிறார். இன்று உலகம் சாப்பிடும் பாஸ்தாவின் பழைய பதிவுகளில் அது ஒன்று.

அதே நூலில் நாங்களும் இருக்கிறோம். ஸரந்தீப் மன்னனுக்கு 16 அமைச்சர்கள் என்கிறார் அல்-இத்ரீஸி. நான்கு பேர் மன்னனின் சொந்த மதத்தவர், நான்கு பேர் முஸ்லிம்கள், நான்கு பேர் கிறிஸ்தவர்கள், நான்கு பேர் யூதர்கள். ஒரு தீவில் பல மதத்தவர் ஒன்றாக இருக்கலாம் என்பதற்கு, இன்னொரு தீவில் இருந்த ஒருவர் எங்கள் தீவை எழுதி வைத்தார்.

அவர் இருந்த தீவில் அந்தச் சமநிலை நீடிக்கவில்லை. நூலை முடித்து 30 ஆண்டுகளில், ஹஜ் முடித்துத் திரும்பிய அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் வந்த கப்பல் 1184 டிசம்பரில் மெஸினாவில் உடைந்தது. கரை சேரப் பணமில்லாத ஏழை முஸ்லிம்களுக்காக மன்னர் இரண்டாம் வில்லியமே காசு கொடுத்தார். ட்ராபானி நகரத்தில் நோன்புப் பெருநாளுக்கு முஸ்லிம்கள் மேளம், எக்காளத்தோடு திடலுக்குப் போனார்கள். மேலே பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அதே ட்ராபானியில் ஒரு பெரிய மனிதர், ஹாஜி ஒருவரிடம் தன் மகனை அனுப்பி ஒன்று கேட்டார். என் மகளைக் கல்யாணம் செய்து உங்கள் நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது உங்கள் ஊரில் ஒருவருக்குக் கட்டிக் கொடுங்கள், இங்கே இனி வாழ்வு இல்லை என்றார். பெற்ற பிள்ளையை முன்பின் அறியாத பயணியோடு அனுப்பத் துணிந்த தகப்பன். இப்னு ஜுபைர் இதை எழுதும்போதே கலங்கியிருப்பது தெரிகிறது. எந்த வரலாற்று நூலிலும் ஒரு சமூகத்தின் முடிவு இப்படித்தான் முதலில் தெரியும். கலவரத்துக்கு முன்பே பெற்றோருக்குத் தெரிந்துவிடுகிறது.

1220களில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாக, பேரரசர் இரண்டாம் ஃப்ரெடெரிக் சிசிலியின் முஸ்லிம்களைத் தீவிலிருந்து அகற்றினார். தென் இத்தாலியில் லுசேரா என்ற ஊரில் கொண்டுபோய்க் குடியேற்றினார். இதைச் செய்தவர் அறபு அறிவியலை நேசித்த மன்னர் என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே அவர்கள் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தார்கள். 1300 ஓகஸ்டில் அஞ்சு வம்சத்து மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் அந்தக் குடியிருப்பையும் கலைத்தார். பெரும்பாலோர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

அதோடு சரி. சொற்கள் மட்டும் மிஞ்சின. எள்ளுக்குச் சிசிலியில் ‘ஜுஜ்ஜுலேனா’, அறபில் ஜுல்ஜுலான். தோடம்பூவுக்கு ‘ஸாகரா’, அறபில் ஸஹ்ர். ட்ராபானியில் மீன் குழம்போடு இன்றும் குஸ்குஸ் உண்டு. சிசிலியின் புகழ்பெற்ற இனிப்பு கஸாத்தா. அந்தப் பெயர் ‘கஸ்அ’ என்ற அறபுச் சொல்லிலிருந்து வந்தது என்பதே பலரும் சொல்லும் விளக்கம். கஸ்அ என்றால் வட்டில். நாங்கள் பெருநாளுக்குச் செய்யும் வட்டிலப்பமும் வட்டிலின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. இன்று சுற்றுலாக் கையேடுகள் ‘அறபுச் சிசிலி’யைப் புகழ்கின்றன. கஸாத்தாவைப் புகழ்வது எளிது. அதைக் கிண்டிய கைகளின் வாரிசுகள் வந்து காணியைக் கேட்கப் போவதில்லை.

இப்போது 1990க்கு வருவோம். பலெர்மோவில் எங்கள் அயலவர்களுக்கு வதிவிட அனுமதிக்கு வழி பிறந்த அதே ஆண்டின் ஒக்டோபர் இறுதியில், வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 70,000க்கு மேற்பட்டோர். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் எல்லாம் வெறுமையாகின. எங்களில் பெரும்பாலோருக்கு லுசேரா என்பது புத்தளம். நான் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான், ஓலைக் கொட்டிலில். பின்னர் 2009இல் இதே முல்லைத்தீவின் தமிழ் மக்களும் எல்லாவற்றையும் இழந்து மெனிக் பாம் முகாமில் அடைபட்டார்கள். யாருடைய துயரம் பெரியது என்று அளக்க இதை எழுதவில்லை. ஒரே கிணற்றில் அள்ளியவர்கள் ஆளுக்கொரு திசையில் சிதறினோம் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

சிசிலிக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் திரும்பி வரவில்லை. நாங்கள் வந்திருக்கிறோம். எல்லோரும் அல்ல, எல்லாக் காணியும் அல்ல. ஆனால் பள்ளிவாசலில் பாங்கு கேட்கிறது, பாடசாலையில் மணி அடிக்கிறது.

ஆனால் திரும்பி வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் என்னைப் போன்றவர்கள். புத்தளத்தில் பிறந்தவர்கள். எந்த மரத்தடியில் யாருடைய கடை இருந்தது என்று தெரியாது. தெரிந்த எங்கள் பெரியவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிவிட்டார்கள். காட்டில் மூடிப்போன எல்லைகளை யாரிடம் கேட்பது?

போன வருடம் பலெர்மோவிலிருந்து ஓர் அன்ரி வட்சப்பில் பேசினார். எங்கள் வீதியிலிருந்து 1987இல் போனவர். “தம்பி, உங்கட வாப்பான்ர தகப்பன்ர கடைக்குப் பின்னால ஒரு கட்டுக் கிணறு இருந்தது. ரெண்டு வீட்டுக்கும் பொதுக் கிணறு. பெருநாளுக்கு உங்கட வீட்டிலயிருந்து வட்டிலப்பம் வரும். வட்டிலை வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதெண்டு அம்மா சீனியாவது போட்டுத்தான் குடுப்பா” என்றார். எங்கள் வீட்டில் உயிரோடு இருக்கும் எவருக்கும் அந்தக் கிணறு பொதுவானது என்று சொல்லத் தெரிந்திருக்கவில்லை.

அன்றுதான் ஒரு விஷயம் எனக்கு விளங்கியது. 1990க்கு முன்பே வெளிநாடு போனவர்களின் நினைவில் பழைய தண்ணீரூற்று அப்படியே இருக்கிறது, முஸ்லிம்களும் தமிழரும் கலந்திருந்த தண்ணீரூற்று. அதற்குப் பிறகு நடந்தது எதையும் அவர்கள் இங்கே இருந்து பார்க்கவில்லை. எங்கள் வரலாற்றின் பெரும் பங்கு இன்று பலெர்மோவிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் அறுபது, எழுபது வயதுக்காரர்களின் தலைக்குள் இருக்கிறது. இன்னும் பத்து இருபது வருடம் போனால் அதுவும் இராது.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஊரை விட்டுப் போன அண்ணாமார், அக்காமார், அன்ரிமார், மாமாமாரே, உங்களுக்குத் தெரிந்ததை எழுதி அனுப்புங்கள். எழுத வராவிட்டால் குரலில் பதிந்து அனுப்புங்கள். எந்தக் கிணறு யார் வெட்டியது, எந்த வாய்க்கால் எந்த வயலுக்குப் போனது, சந்தியில் எந்தக் கடையில் என்ன வாங்கினீர்கள், எங்கள் ஆட்களின் வீடுகளில் என்ன சாப்பிட்டீர்கள், நாங்கள் உங்கள் வீடுகளில் என்ன சாப்பிட்டோம். சண்டை பிடித்ததும் நினைவிருந்தால் அதையும் சொல்லுங்கள். எங்கள் தரம் 9 பிள்ளைகள் ஒரு பெரிய தாளில் பழைய ஊரின் வரைபடம் கீறத் தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை அதில் ஏழு கிணறுகள் குறித்தாகிவிட்டன. அந்தப் பொதுக் கிணறும் அதில் இருக்கிறது.