வீடு தேடிச் சென்ற தொண்டர்கள்



இளமையில் ஒரு குடும்ப உதவிச் சங்கத்தின் நிர்வாகக் கமிட்டியில் நான் சில ஆண்டுகள் அங்கம் வகித்தேன். வக்கீல் ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஜவுளிக்கடை முதலாளி ஒருவர், பெருமாட்டிகள் இரண்டு மூன்று பேர், இவர்களோடு நான். மாதம் ஒரு முறை கூடுவோம். எவருக்கும் சம்பளம் கிடையாது, நல்லெண்ணத்துக்கும் குறைவில்லை. ஒரு நாள், கணவனை இழந்த பெண் ஒருத்தியின் விண்ணப்பம் எங்கள் முன் வந்தது. அவளுக்குத் தையல் இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுப்பது என்று பத்தே நிமிடங்களில் முடிவு செய்தோம். அந்த வீட்டுக்கு மூன்று முறை போய் வந்த சங்க ஊழியர், ஓர் அம்மையார், வாசலோரத்தில் ஒரு முக்காலியில் குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. ஊசியில் நூல் கோக்கவே அவளால் இயலவில்லை. குறிப்பேட்டின் இரண்டாம் பக்கத்திலேயே அது எழுதப்பட்டிருந்தது.

ஓர் ஏழைக் குடும்பத்துக்கு எது நன்மை என்று தீர்மானிக்க வேண்டியவர் யார்? பொருள் கொடுப்பவரா? வீட்டுக்குப் போய்ப் பார்த்தவரா? அதற்கென்று கற்றுத் தேர்ந்தவரா? அல்லது அரசாங்கமா? இக்கேள்வி அமெரிக்க நாட்டில் ஏறக்குறைய அறுபது ஆண்டுக்காலம் சங்கம் சங்கமாக, நகரம் நகரமாக வாதிக்கப்பட்ட கேள்வி. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

1873ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி ஏற்பட்டது. ஆலைகள் மூடப்பட்டன, வேலையற்றோர் தெருவில் நின்றனர். தர்மம் செய்வோருக்கு அப்போதும் பஞ்சமில்லை. ஆனால் ஒரு சபை ரொட்டி கொடுக்கும், மற்றொன்று நிலக்கரி கொடுக்கும். ஒன்று செய்வது மற்றொன்றுக்குத் தெரியாது. வாய் சாமர்த்தியமுள்ளவனுக்கு நான்கு இடத்தில் கிடைக்கும். கூச்சமுள்ளவனுக்கு ஓரிடத்திலும் கிடைக்காது. லண்டன் மாநகரில் 1869ஆம் ஆண்டிலேயே தர்மத்தை ஒழுங்கு செய்யும் சங்கம் ஒன்று தோன்றியிருந்தது. கர்ட்டீன் என்ற பாதிரியார் அந்த முறையை நேரில் கண்டறிந்து, 1877ஆம் ஆண்டு பஃபலோ நகரில் அமெரிக்காவின் முதல் தர்ம ஒழுங்குச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு நகரத்துக்கு நகரம் அது பரவிற்று.

அச்சங்கங்களின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பிற்காலத்துச் சச்சரவுகளுக்கெல்லாம் வித்து அதிலேயே இருக்கின்றது. நகரத்தைப் பல வட்டாரங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் அலுவலகம். அதில் சம்பளம் பெறும் ஏஜெண்டு ஒருவர். விண்ணப்பம் வந்தால் அவர் விசாரித்துக் குறிப்பு எழுதுவார். அந்தக் குறிப்பு வட்டாரக் கமிட்டியின் முன் வைக்கப்படும். கமிட்டியில் இருப்போர் சம்பளமில்லாத் தொண்டர்கள்; தீர்மானிப்பது அவர்களே. தீர்மானித்த பின், நட்புப் பார்வையாளர் என்ற பெயருடைய மற்றொரு தொண்டர் அக்குடும்பத்தை நாடிப் போவார். பெரும்பாலும் இவர் வசதியுள்ள வீட்டுப் பெண்மணியாக இருப்பார். இந்த ஏற்பாட்டில் அறிந்தவர் ஒருவர், தீர்மானிப்பவர் வேறொருவர், வீடு செல்பவர் மூன்றாமவர். எங்கள் கமிட்டியின் முக்காலியை இங்கே நீங்கள் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

பாஸ்டன் நகரச் சங்கத்தின் கொள்கை, பிச்சை அன்று, நட்பே தேவை என்பதாகும். கேட்பதற்கு இனிய கொள்கைதான். இரண்டு குறைகள் அதில் இருந்தன. முதலாவது, நட்புப் பாராட்ட முன்வந்த தொண்டர்களின் எண்ணிக்கை ஒருபோதும் போதவில்லை. ஆகவே வீடுகளுக்குச் செல்லும் வேலையும் நாளடைவில் சம்பள ஏஜெண்டுகளின் தலையிலேயே விழுந்தது. இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. வறுமைக்குக் காரணம் குடியும் சோம்பலும் ஊதாரித்தனமுமே என்று பல தொண்டர்கள் மனமார நம்பினர். கூலி போதவில்லை, வேலை கிடைக்கவில்லை, காசநோய் வந்தது என்ற காரணங்கள் அவர்கள் கண்ணுக்குத் தாமதமாகவே புலப்பட்டன. சிகாகோவில் ஏழை மக்கள் நடுவே குடியிருந்து பணி செய்த ஜேன் ஆடம்ஸ் அம்மையார் 1902ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதை நயமாக எடுத்துக்காட்டினார். அடுத்த வீட்டு ஏழை, கேள்வி கேளாமல் தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்துவிடுகின்றான். சங்கத்திலிருந்து வரும் சீமாட்டியோ கேள்விகளோடு வருகின்றாள். இவ்விருவரில் யாரை ஏழை இரக்கமுள்ளவர் என்று கருதுவான்?

நியூயார்க் சங்கத்தை 1882ஆம் ஆண்டு நிறுவிய ஜோசஃபின் ஷா லோவல் அம்மையாரை இங்கே நினைவுகூர வேண்டும். உள்நாட்டுப் போரில் தம்பியையோ அண்ணனையோ கணவனையோ இழந்தோர் அந்நாட்டில் பலர் உண்டு. இவர் சகோதரனையும் கணவனையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் இழந்தார். விதவையானபோது வயது இருபது. அதன் பின் வாழ்நாள் முழுவதையும் ஊதியமில்லாத பொதுப்பணியில் கழித்தார். ஏழைகளைப் பற்றித் தொடக்கத்தில் இவர் எழுதியவை கடுமையானவை. படித்தால் நமக்கு மனம் கசக்கும். ஆனால் 1889ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத் தர்ம வாரியப் பதவியை இவர் துறந்தார். வேலை செய்வோருக்கு நியாயமான கூலி கிடைக்கச் செய்வதே முதற்கடமை என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. கடைகளில் வேலை செய்த பெண்களின் நிலைமையைச் சீர்படுத்தும் நுகர்வோர் இயக்கத்தில் முன்நின்று உழைத்தார். தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்ட தலைவர்கள் எத்தனை பேர்?

அதே 1889ஆம் ஆண்டில், பால்டிமோர் நகரச் சங்கத்தில் உதவிப் பொருளாளராக ஓர் இளம்பெண் வேலைக்கு அமர்ந்தாள். பெயர் மேரி ரிச்மண்ட். 1861ஆம் ஆண்டு பிறந்தவள். சிறு பிராயத்திலேயே பெற்றோரை இழந்து, பாட்டியும் சிற்றன்னைமாரும் வளர்க்க வளர்ந்தவள். உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. நியூயார்க்கில் புத்தக வெளியீட்டகத்தில் சிறு வேலை பார்த்தாள். உடல் நலம் கெட்டு ஊர் திரும்பிக் கணக்கெழுதினாள். சங்க வேலையைக் கற்றுக்கொள்ளப் பாஸ்டனுக்குச் சென்று, அங்கே காரியதரிசியாக இருந்த ஜில்ஃபா ஸ்மித் அம்மையாரிடம் ஒரு வாரம் தங்கினாள். அவள் பெற்ற பயிற்சி அவ்வளவே! இரண்டே ஆண்டுகளில் பால்டிமோர் சங்கத்தின் பொதுக் காரியதரிசிப் பதவி அவளை நாடி வந்தது.

ரிச்மண்ட் அம்மையார் என்று இனி மரியாதையாகவே குறிப்பிடுவோம். காரியதரிசியாக இருந்துகொண்டே அவர் நட்புப் பார்வையாளராகவும் வீடுகளுக்குச் சென்றார். தொண்டர்களின் தவறுகள் கெட்ட எண்ணத்தால் நேர்பவை அல்ல, கல்லாமையால் நேர்பவை என்பதைக் கண்டார். 1897ஆம் ஆண்டு டொராண்டோவில் நடந்த மாநாட்டில், தர்மப் பணிக்கு ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று எழுந்து பேசினார். மறு ஆண்டே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடைக்காலப் பயிற்சி தொடங்கிற்று. இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளியாக இருப்பது அதன் வழித்தோன்றலே. தொண்டர்களுக்கென்றே 1899ஆம் ஆண்டு ஒரு கைந்நூலும் எழுதினார். தொண்டரை விலக்க அவர் கருதவில்லை. தேர்ச்சி பெறச் செய்யவே கருதினார்.

நகரச் சங்கங்கள் அதுவரை தனித்தனியே இயங்கின. 1905ஆம் ஆண்டு முதல் அவை தம்முள் கடிதங்களையும் அச்சிட்ட படிவங்களையும் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றை ரிச்மண்ட் அம்மையார் செய்தார். ஓர் ஊர்ச் சங்கத்தின் குறிப்புத்தாள் மற்றோர் ஊர்ச் சங்கத்துக்குப் பாடமாயிற்று. எளிய காரியம்தான், ஆயினும் ஒரு தொழிலின் தேசிய சங்கம் இப்படித் தபால் உறையிலிருந்து பிறந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும். பிரான்சிஸ் மக்லீன் என்பவர் ஊர் ஊராகச் சென்று சங்கங்களுக்கு யோசனை கூறி வந்தார். 1911ஆம் ஆண்டு அச்சங்கங்கள் ஒன்றுகூடித் தேசிய சம்மேளனம் ஒன்றை நிறுவின. அதன் பெயர் மாறியதைப் பாருங்கள். முதலில் தர்மத்தை ஒழுங்கு செய்யும் சங்கங்களின் சம்மேளனம். 1919இல் குடும்பச் சமூகப்பணியை ஒழுங்கு செய்யும் சங்கம். 1930இல் குடும்ப நலச் சங்கம். 1946இல் குடும்ப சேவைச் சங்கம். தர்மம் என்ற சொல் மறைந்து, குடும்பம் என்ற சொல் அதன் இடத்தில் வந்து அமர்ந்தது.

1915ஆம் ஆண்டில் இத்துறையினருக்குப் பேரிடி ஒன்று விழுந்தது. ஏபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்பவர் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து 1910ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையால் தரமற்ற கல்லூரிகள் பல மூடப்பட்டன. அப்படிப்பட்ட கண்டிப்பான மனிதரைப் பால்டிமோர் மாநாட்டுக்கு அழைத்து, சமூகப்பணி ஒரு தொழிற்கல்வித் துறை ஆகுமா என்று கேட்டார்கள். ஆகாது என்று அவர் பதில் சொன்னார். பிறருக்குக் கற்பிக்கக்கூடிய தனி நுட்பம் அதற்கு இல்லை. சமூக ஊழியர் மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் ஆசிரியருக்கும் நடுவே நின்று இணைத்துவைப்பவர் என்பது அவர் கருத்து.

இரண்டு ஆண்டு கழித்து, 1917ஆம் ஆண்டு, ரிச்மண்ட் அம்மையாரின் ‘சமூக நோயறிதல்’ என்ற பெருநூல் வெளிவந்தது. சுமார் 500 பக்கங்கள். சான்றை எப்படித் திரட்டுவது, செவிவழிச் செய்திக்கு எவ்வளவு மதிப்பளிப்பது, முதற்சந்திப்பில் எப்படிப் பேசுவது, உறவினரிடம் எதைக் கேட்பது, பள்ளியிடம் எதைக் கேட்பது, முதலாளியிடம் எதைக் கேட்பது என்று அனைத்தையும் முறைப்படுத்தினார். இந்நூல் ஃப்ளெக்ஸ்னருக்கு மறுமொழியாக எழுதப்பட்டது என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று, அதற்குப் பல ஆண்டு முன்பே அவர் அதைத் தொடங்கியிருந்தார். ஆனால் மறுமொழியாக அது பயன்பட்டது என்பது உண்மை.

நுட்பம் வந்தவுடன் தொண்டரின் நிலை என்ன ஆயிற்று? பயிற்சி பெற்ற ஊழியர் வீடுகளுக்குப் போகலானார். தொண்டர் வீடுகளிலிருந்து விலகி நிர்வாகக் குழுவின் மேசைக்குப் போனார். பணம் திரட்டுவதும் திட்டம் வகுப்பதும் அவர் வேலை. குடும்பத்தைப் பார்ப்பது ஊழியர் வேலை. இந்தப் பிரிவினையால் நன்மை விளைந்தது. ஒரு நஷ்டமும் விளைந்தது. ஏழை வீட்டின் படியை மிதித்தறியாதவர்கள் திட்டம் வகுக்கும் நிலை வந்தது. 1923ஆம் ஆண்டு முதல் மில்ஃபர்ட் என்ற சிற்றூரில் தேசிய சங்கங்களின் அதிகாரிகளும் நிர்வாகக் குழுத் தொண்டர்களும் கூடிப் பேசியதற்கு, இரு சாராரும் ஒருவரையொருவர் இழந்துவிடலாகாது என்ற கவலையும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ரிச்மண்ட் அம்மையாரிடம் எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. குழந்தைகளை உடைய விதவைகளுக்கு அரசாங்கமே உதவித்தொகை தர வேண்டும் என்ற இயக்கம் எழுந்து, 1911ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தில் சட்டமும் ஆயிற்று. அதை அவர் எதிர்த்தார். ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியே ஆராயாமல் பொதுச்சட்டத்தால் பணம் கொடுப்பது தீங்காய் முடியும் என்று அஞ்சினார். வரலாறு அவர் பக்கம் நிற்கவில்லை. 1928ஆம் ஆண்டு அவர் காலமானார். அடுத்த ஆண்டே பங்குச் சந்தை சரிந்தது.

1933ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. குடும்பச் சங்கங்களின் வாசலில் வரிசைகள் நீண்டன, பெட்டிகள் காலியாயின. நட்பும் நுட்பமும் பசியின் முன் என் செய்யும்? அவ்வாண்டு மே மாதத்தில் மத்திய அரசாங்கம் நிவாரணச் சட்டம் இயற்றிற்று. அதை நடத்திய ஹாரி ஹாப்கின்ஸ் ஜூன் மாதத்தில் பிறப்பித்த முதல் விதி இது: அரசாங்கப் பணத்தை அரசாங்க நிறுவனங்களே கையாள வேண்டும், தனிச் சங்கங்கள் அதைப் பங்கிடலாகாது. மக்கள் பணத்துக்கு மக்களுக்குப் பதில் சொல்வோரே பொறுப்பு என்பது அதன் தத்துவம். ஹாப்கின்ஸ் தாமே ஒரு சமூக ஊழியராக இருந்தவர் என்பது கவனிக்கத்தக்கது.

சங்கங்கள் திகைத்தன. பயிற்சி பெற்ற ஊழியர் பலர் அரசாங்க அலுவலகங்களுக்குப் போய்விட்டனர். நிவாரணம் இனி நம் வேலை இல்லையென்றால் நம் வேலைதான் என்ன என்ற கேள்வி ஒவ்வொரு நிர்வாகக் குழுவின் மேசையிலும் வந்து உட்கார்ந்தது. தேசிய சங்கத்தின் தலைமை அதிகாரி லிண்டன் ஸ்விஃப்ட் 1934ஆம் ஆண்டு இதைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். பணம் கொடுப்பதை அரசிடம் விட்டுவிட்டு, குடும்பத்துக்குள் எழும் மனத்தாங்கல், குழந்தை வளர்ப்புத் தொல்லை, நோய், பிரிவு ஆகியவற்றில் துணை நிற்பதே தம் பணி என்று சங்கங்கள் மெல்ல மெல்லத் தம்மை மாற்றி அமைத்துக்கொண்டன.

இந்த முறை நம் நாட்டுக்கும் வந்தது. கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கரின் முயற்சியால் 1936ஆம் ஆண்டு பம்பாயில் டாட்டா அறக்கட்டளை சமூகப்பணிப் பள்ளி ஒன்றை நிறுவிற்று. 1952ஆம் ஆண்டு சென்னைச் சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. அதை உருவாக்கிய மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் தாமே சம்பளமின்றித் தொண்டு செய்தவர். பயிற்சி பெற்ற ஊழியரின் தேவையை முதலில் உணர்ந்தவர் இங்கும் ஒரு தொண்டரே.

தையல் இயந்திரத்தின் கதைக்கு வருகின்றேன். அடுத்த கூட்டத்தில் தலைமையாசிரியர் எழுந்து, முக்காலியில் இருந்த அம்மையாருக்கு மேசையருகில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். அன்று முதல் அவர் குறிப்பேட்டைப் படித்து முடித்த பின்னரே நாங்கள் வாய் திறந்தோம். கூட்டங்கள் நீண்டன, ஜவுளிக்கடை முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இயந்திரத்தை அந்தப் பெண் தன் நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டாள். அவள் கண்ணுக்கு வைத்தியம் செய்ய அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர் அந்த ஊழியர் அம்மையாரே.