மதுவருந்திய சாரதியும் நீதிமன்றமும்

மட்டக்களப்பிலிருந்து வாகரை வழியாகத் திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே அமைந்துள்ளது மாங்கேணி. கடலையும் களப்பையும் நம்பி வாழும் ஊர் அது. மாட்டுவண்டி ஒன்றே ஊர்தியாயிருந்த நாளில், கள்ளின் மயக்கத்திலே வண்டிக்காரன் கண்ணயர்ந்தாலும், வழி பழகிய எருதுகள் அவனை வீட்டு முற்றத்திற் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மோட்டார் வாகனத்துக்கு அத்தகைய அறிவு இல்லை. அதனைச் செலுத்துபவன் மதிமயங்குவானாயின், சாலையோரமாக வலை சுமந்து வரும் மீனவனுக்கும் பள்ளி செல்லும் சிறுவனுக்கும் காப்பில்லை. ஆயினும், சாரதி மதிமயங்கியிருந்தான் என்பதை நீதிமன்றத்தில் நிறுவுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண மேலைநாடுகளுக்கு நெடுங்காலம் சென்றது.

பிரித்தானியாவில் 1872ஆம் ஆண்டுச் சட்டமொன்று, குடிவெறியில் குதிரையையோ கால்நடையையோ வண்டியையோ நீராவி எஞ்சினையோ பொறுப்பில் வைத்திருத்தலைக் குற்றமாக்கியது. மோட்டார் வண்டி அக்காலத்தில் இல்லை. 1897 செப்டெம்பர் 10ஆந் திகதி, இலண்டன் மாநகரில் ஜோர்ஜ் சிமித் என்னும் வாடகைவண்டிச் சாரதி தம் வண்டியை ஒரு கட்டிடத்தின்மீது மோதினார். மோட்டார் வண்டியைக் குடித்துச் செலுத்தியதற்காகத் தண்டிக்கப்பட்ட முதல்வர் அவரே என்பர். விதிக்கப்பட்ட தண்டம் 25 சில்லிங். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டமையால், சான்று பற்றிய சிக்கல் அன்று எழவில்லை.

பின்னர் எழுந்தது. வாயில் மணம், கண்ணிற் சிவப்பு, நாவிற் குழறல், தரையில் இட்ட கோட்டின்மீது நடக்கையில் தள்ளாட்டம் என்னும் இவையே நெடுங்காலம் சாட்சிகளாயிருந்தன. இவற்றை நம்புதல் எத்துணை ஆபத்தானது! ஒரு மிடறு குடித்தவனுக்கும் மணம் உண்டு. தலையில் அடிபட்டவனும் தள்ளாடுவான். நீரிழிவு நோயாளியும் இரத்தத்திற் சர்க்கரை குறைந்தால் நாக்குழறுவான். வைத்தியசாலைக்குச் செல்லவேண்டியவன் சிறைக்கூடத்துக்குச் செல்ல நேர்ந்தால் அது கொடுமையன்றோ? மறுபுறத்தில், நாள்தோறும் குடித்துப் பழகியவன் கோடு பிசகாமல் நடந்து காட்டித் தப்பிவிடுவான். மணமும் தள்ளாட்டமும் மாத்திரம் குடிவெறியை நிறுவப் போதா என்று இந்திய உயர் நீதிமன்றங்களுக்கெல்லாம் மேலான உச்ச நீதிமன்றம் 1971இல் தீர்ப்பளித்தது.

இந்நிலையை மாற்றியது விஞ்ஞானம். சுவீடன் நாட்டு அறிஞர் விட்மார்க் இரத்தத்திலுள்ள மதுசாரத்தை அளந்து, அது காலப்போக்கிற் குறையும் முறையை ஆராய்ந்தார். நோர்வே 1936இல் சட்டத்திலேயே ஓர் அளவை வகுத்தது. அமெரிக்காவில் போர்க்கன்ஸ்டைன் 1954இல் மூச்சுக்காற்றை அளக்கும் கருவியை அமைத்தார். பிரித்தானியாவில் 1967 ஒக்டோபரில், 100 மில்லிலீற்றர் இரத்தத்துக்கு 80 மில்லிகிராம் என்னும் எல்லை நடைமுறைக்கு வந்தது.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் 151ஆம் பிரிவு இப்பொருள் பற்றியது. இங்கும் 80 மில்லிகிராமே எல்லை. இந்தியாவிலோ 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 மில்லிகிராம்தான். மாங்கேணிச் சாலையில் பிடிபடுபவர் வாழைச்சேனை நீதவான் முன்னிலையில் நிற்கவேண்டி வரும். தண்டப்பணம், சிறை, சாரதி அனுமதிப்பத்திர இடைநிறுத்தம் என்பன எதிர்நோக்கும் விளைவுகள். பிறருக்குக் காயமோ மரணமோ நேர்ந்தால் தண்டனை மிகும். வாடகை வாகனம் ஓட்டிப் பிழைப்பவனுக்குத் தண்டப்பணத்தினும் அனுமதிப்பத்திரத்தின் இழப்பே பெரிது. அடுப்பெரிவது அதனாலன்றோ!

எதிரிக்கு வாதங்கள் இல்லாமற் போகவில்லை. வாகனத்தைச் செலுத்தியவர் அவர்தாமா, கருவி செம்மையாயிருந்ததா, இரத்த மாதிரி கைமாறியபோது தவறு நேர்ந்ததா என்று வினவலாம். மதுவோ அரிட்டமோ அருந்திய உடனே ஊதினால் வாயில் எஞ்சிய மதுசாரம் அளவைக் கூட்டிக் காட்டும். ஆகையால் கால்மணி நேரமாவது பொறுத்தே சோதிக்கவேண்டும் என்பர். இவை நேர்மையான வாதங்கள், குற்றமற்றவனைக் காப்பவை. “சிறிதே குடித்தேன், விபத்து எதுவும் நிகழவில்லையே” என்பது வாதமன்று.

2006 நவம்பரில் மும்பாய் நகரில், மதுவருந்திய ஒருவர் செலுத்திய வாகனம் வீதியோரத்தில் உறங்கிய தொழிலாளர்மீது ஏறி எழுவரைக் கொன்றது. ஒரே செயலைக் கவனயீனமென்றும், மரணம் விளையும் என அறிந்து செய்த குற்றமென்றும் ஒருங்கே சாட்டுதல் தகாதென எதிரி தரப்பினர் வாதாடினர். உச்ச நீதிமன்றம் 2012இல் அதனை ஏற்காது, மூன்றாண்டுச் சிறைத் தண்டனையை உறுதிசெய்தது.

இனி, பலர் அறியாத ஒன்று உண்டு. தேநீரும் குளிர்நீர்க் குளியலும் மதுசாரத்தைக் குறைப்பதில்லை. ஈரல் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதமே அதனை அகற்றும். நள்ளிரவில் 150 மில்லிகிராம் அளவோடு படுத்த சாரதி, விடியுமுன் 4 மணிக்கு எழுந்து, முகங்கழுவி, மீன்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தெளிந்த மனத்தினனாகவே புறப்படுவான். அவ்வேளையில் அவன் இரத்தத்தில் 90 மில்லிகிராம் எஞ்சியிருக்கும்.