மறதிக்கார ஃபேக்ஸுக்கு ஓர் அஞ்சலி

செஞ்சி பேருந்து நிலையத்தைச் சுற்றி எஸ்.டி.டி. பூத்துகள் இருந்த காலத்தில், பலகையின் ஓரத்தில் ‘ஃபேக்ஸ்’ என்றும் எழுதியிருந்தால் அந்தக் கடைக்கு மதிப்பு ஒரு படி கூடுதல். அந்த இயந்திரம் எப்போது போனது என்று யாராலும் தேதி சொல்ல முடியாது. தந்திக்காவது 2013 ஜூலையில் முறையாக விடைகொடுத்தார்கள். மேலே கோட்டைக்கு 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. கீழே கடைத்தெருவில் காணாமல் போனவற்றுக்குப் பட்டியல் போட ஆளில்லை. 04145 என்று தொடங்கும் ஃபேக்ஸ் எண் மட்டும் பழைய கடிதத்தாள்களில் மிச்சம்.

1843-ல் ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் பெயின் வாங்கிய காப்புரிமையிலிருந்து எண்ணினால் அதற்கு நல்ல வயது. நம் பக்கம் வந்தது 1980-ல் தரப்படுத்தப்பட்ட ‘குரூப் 3’ ரகம். தாளை வரிவரியாகத் தடவி, கறுப்பா வெள்ளையா என்று மட்டும் பார்த்து, அதை ஒலியாக்கித் தொலைபேசிக் கம்பியில் அனுப்பும். பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். மழையில் லைன் கரகரத்தால் பாதித் தாளில் நின்றுவிடும்; மறுபடி டயல், மறுபடி மீட்டர். சென்னைக்குச் சான்றிதழ் அனுப்ப வந்தவர் தாளைப் பார்க்கமாட்டார், மீட்டரைத்தான் பார்ப்பார். முடிவில் தேதி, நேரம், எண், ‘ஓ.கே.’ என்று ஒரு சீட்டு வரும். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தால்தான் காரியம் முடிந்த மாதிரி.

படம் அதற்கு ஆகாது. கோட்டையில் உள்ள கல்யாண மகால் முன்னால் குடும்பத்தோடு நின்று எடுத்த புகைப்படத்தை அனுப்பினால், மறுமுனையில் மகாலும் மனிதர்களும் ஒரே கரியாக இறங்குவார்கள். அங்குலத்துக்குக் குறுக்கே சுமார் 200 புள்ளி, நெடுக்கே சாதாரண முறையில் அதில் பாதி. அவ்வளவுதான் அதன் பார்வை.

2018 நவம்பரில் ஒருமுறை நாடே அதைப் பற்றிப் பேசியது. ஆட்சியமைக்க உரிமை கோரிய மெகபூபா முஃப்தியின் கடிதம் ஜம்மு-காஷ்மீர் ஆளுநர் மாளிகை ஃபேக்ஸில் ஏறவில்லை. விடுமுறை நாள், ஆளில்லை என்றார் ஆளுநர்.

நான் அதை மெச்சுவது அதன் மறதிக்காக. பூத்துகளில் இருந்த சாதாரண இயந்திரம் நம் தாளை நம் கையிலேயே திருப்பித் தந்துவிடும். தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ளாது. மறுமுனையில் வெப்பத்தாளில் வந்த எழுத்தும் சில வருடங்களில் வெளுத்துவிடும், நம்மூர் வெயிலில் இன்னும் சீக்கிரம். இன்று ஆதாரைக் கடையில் ஸ்கேன் செய்கிறோம், கடைக்காரர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி பிரிண்ட் எடுக்கிறோம். நாம் வீடு வந்த பிறகும் அது அங்கேயே கிடக்கிறது. வசதிதான், எனக்கு உறுத்துகிறது.

ஆகவே வீட்டுக்கே ஒரு ஸ்கேனர் வாங்கிவிடுவது மேல். எப்போதாவது உதவுமே என்று ஃபேக்ஸ் வசதிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். லேண்ட்லைன் இல்லாத வீட்டில் அந்தப் பொத்தானுக்கு வேலையில்லை. கண்ணாடி மேல் தாளைக் கவிழ்த்து வைக்கும் தட்டை ரகம் போதும். சான்றிதழுக்கு 300 புள்ளி, பழைய புகைப்படத்துக்கு 600. மெல்லிய சி.ஐ.எஸ். ரகம் யு.எஸ்.பி. மின்சாரத்திலேயே ஓடும், ஆனால் கண்ணாடியில் படியாமல் மேடுதட்டிய ஆல்பப் பக்கம் அதில் மங்கும். அதற்கு சி.சி.டி. ரகம்தான் சரி. கடையில்தான் ஸ்கேன் செய்வேன் என்பவர்கள், வேலை முடிந்ததும் கோப்பைக் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். ரீசைக்கிள் பின்னிலிருந்தும்.