ஆஸ்டின் அணை: காலுக்கு அடியில் ஒரு சீட்டுக்கட்டு

இன்னைக்கு நாம போற ஊர் ஆஸ்டின். டெக்சாஸ்ல இருக்கிற பெரிய ஆஸ்டின் இல்லை. பென்சில்வேனியா மலைகளுக்கு நடுவுல இருக்கிற ஒரு காகித ஆலை ஊர். 1909-ல் ஆலை முதலாளி ஜார்ஜ் பேலெஸ், ஊருக்கு மேலே பள்ளத்தாக்கின் குறுக்கே சுமார் 50 அடி உயரத்துக்கு ஒரு கான்கிரீட் அணை கட்டினார். செலவு விஷயத்துல மனுஷன் ரொம்பக் கறார்.

அணையைத் தாங்கின பாறைதான் இன்னைக்கு நம்ம கதாநாயகன், வில்லன் ரெண்டுமே. மணற்கல் அடுக்குகள், நடுநடுவே ஷேல். ஷேல்னா என்ன? தண்ணிக்கு அடியில படிஞ்ச களிமண், பல கோடி வருஷ அழுத்தத்தில் இறுகின பாறை. களிமண் துகள்கள் தட்டை தட்டையா இருக்கும், ஒரே பக்கமாப் படுத்துக்கும். அதனால ஷேல் ஒரு சீட்டுக்கட்டு மாதிரி. மேலிருந்து அமுக்கினா தாங்கும். பக்கவாட்டில் தள்ளினா சீட்டு சீட்டா வழுக்கும். அணைக்குப் பின்னால நிக்கிற தண்ணி என்ன பண்ணுது? பக்கவாட்டில்தான் தள்ளுது! போதாததுக்கு அடுக்குகளுக்குள்ள கசிஞ்ச தண்ணி களிமண்ணை இளக்கி, அணையைக் கீழிருந்து மேலே தூக்கவும் செய்யுது. எடை குறைஞ்சா உராய்வும் குறையும்.

1910 ஜனவரியில் நீர்த்தேக்கம் முதல்முறையா நிரம்பினப்பவே அணையின் அடிப்பாகம் ஒன்றரை அடி முன்னால நகர்ந்தது. மேல்பக்கம் அதைவிட அதிகமா வளைஞ்சது. அவசரமா டைனமைட் வைத்து அணையின் உச்சியை உடைத்துத் தண்ணியை வெளியேற்றினாங்க. அணையைப் பலப்படுத்தணும்னு பொறியாளர்கள் சொன்னாங்க. நடக்கலை. உடைச்ச இடத்தைச் சரிபண்ணி, மறுபடியும் தண்ணி தேக்கினாங்க. எனக்கு இதுதான் மொத்தக் கதையிலயும் ஜீரணிக்க முடியாத இடம். பாறை எழுத்து மூலமா நோட்டீஸ் கொடுத்த மாதிரி இல்லையா?

1911 செப்டம்பர் 30, சனிக்கிழமை மதியம். நல்ல மழைக்குப் பிறகு அணை போயிடுச்சு. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெண்கள் முடிந்தவரை எச்சரித்தாங்க. மரவீடுகள், ஆலையின் மரக்கட்டைகள் எல்லாம் சேர்ந்து உருண்டு வந்தது. எரிவாயுக் குழாய்கள் உடைஞ்சு தீயும் பிடிச்சது. இறந்தவங்க 78 பேர்.

அடுக்குகளோட இந்தக் குணத்தைக் கணக்காப் பிடிக்க இன்னும் ஐம்பது வருஷம் ஆச்சு. 1960-ல் ஆஸ்திரேலியாவின் ஜான் யேகர், பாறைக்குள்ள ஒரு பலவீனமான தளம் இருந்தா எந்தக் கோணத்தில் உடையும்னு சமன்பாடு எழுதினார். அடுத்த வருஷம் அமெரிக்காவின் ஃபிரெட் டோனத், மார்ட்டின்ஸ்பர்க் ஸ்லேட்டைப் பல கோணங்களில் உருளையா வெட்டி நசுக்கினார். ஸ்லேட்ங்கிறது பூமிக்குள்ள இன்னும் வெந்த ஷேல்தான், வெச்சுக்கோங்களேன். சுமைக்கு 90 டிகிரியில் தளம் இருந்தா கல் வலுவா நிக்குது. சுமார் 30 டிகிரிக்கு வந்தா வலு சரிஞ்சு விழுது. ஒரே கல், திருப்பி வெச்சதுதான் வித்தியாசம்!

மீள்தன்மையும் இப்படித்தான். ஷேலை அடுக்கு போற திசையில் அமுக்கினா விறைப்பா நிக்கும், குறுக்கே அமுக்கினா அதைவிட அதிகமா அமுங்கும். ஒலி அலைகூட அடுக்கு வழியா வேகமாப் போகும். இன்னைக்கு ஷேல்ல எண்ணெய்க் கிணறு தோண்டுறவங்களும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறாங்க.

பென்சில்வேனியா 1913-ல் அணைகளுக்கு அரசு அனுமதியும் கண்காணிப்பும் கட்டாயம்னு சட்டம் போட்டது. பேலெஸ் அணையோட கான்கிரீட் துண்டுகள் இன்னும் அந்தப் பள்ளத்தாக்குல நிக்குது. அங்கே இப்போ ஒரு நினைவுப் பூங்கா.