ஆம்பூர் ஷூ கடையில் ஏன் எட்டாம் நம்பர் மட்டும் நிறைய இருக்கு?

கடைத்தெருக்களின் வரலாறு வரிசையில் இன்னைக்கு நாம போகப்போறது சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. வீக்எண்டில் அந்த ரூட்டில் போறவங்களுக்கு ஆம்பூர்னா ரெண்டு விஷயம்: பிரியாணி, ஷூ. பிரியாணியைப் பத்திப் பேச ஊரில் நிறைய பேர் இருக்காங்க. நாம ஷூவுக்கு வருவோம்.

ரோட்டோரத்தில் இருக்கிற எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளில் ஏறி இறங்கினவங்களுக்கு இது தெரியும். அழகான ஒரு லெதர் ஷூ, மாலில் பார்த்த விலையில் பாதிகூட இல்லை. "அண்ணா, இதுல பத்து இருக்கா?" "இல்லப்பா, அந்த ஒரு ஜோடிதான்." சரின்னு வேற மாடல் எடுத்தா எட்டு. அதுக்குப் பக்கத்தில் இருப்பதும் எட்டு. எட்டாம் நம்பர் கால் இருக்கிறவன் அந்தக் கடையில் ராஜா.

காரணம் ரொம்ப சிம்பிள். வெளிநாட்டு பையருக்கு ஒரு புது டிசைனைக் காட்ட ஷூ கம்பெனிகள் முதலில் சாம்பிள் தைக்கும். ஆண்கள் ஷூ என்றால் சாம்பிள் பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவில் 8, ஐரோப்பிய அளவில் 42. பெண்களுக்கு 37. டிசைன் ஓகே ஆனாலும் ஆகாவிட்டாலும் அந்தச் சாம்பிள் மிஞ்சும். அதோடு, ஆர்டரில் சேதாரம் வரும் என்று கூடுதலாக வெட்டித் தைத்த ஜோடிகள், கேன்சல் ஆன ஆர்டர்கள், வலது ஷூவும் இடது ஷூவும் ஒரு இழை நிறம் மாறிப்போய் ரிஜெக்ட் ஆனவை. இதெல்லாம் சேர்ந்ததுதான் நீங்க பார்க்கிற ஷெல்ஃப். உங்களுக்காக யாரும் அங்கே சரக்கு அடுக்கவில்லை. வேற யாருக்கோ செய்ததில் மிஞ்சினதைத்தான் நாம வாங்குகிறோம்.

எங்க பாஷையில் சொன்னா ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எல்லாம் பேக்எண்ட். ஷோரூம் எப்பவும் கடல் தாண்டி இருந்தது. இது நேற்று வந்த பழக்கம் இல்லை.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எங்கே போனது தெரியுமா? 1856 ஜூலை 1, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு. அதாவது ஆற்காடு, ராணிப்பேட்டை வாசல் வரைக்கும். பாலாற்றுப் படுகையில் தோண்டினால் தண்ணீர். சுற்றிலும் மானாவாரி நிலத்தில் ஆவாரஞ்செடி. நாம பொங்கலுக்கு வாசலில் கட்டுகிற அதே ஆவாரம்தான். அதன் பட்டையும் கடுக்காயும் இருந்தால் தோலைப் பதனிடலாம். இப்போ சரக்கை மெட்ராஸ் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ரயிலும் வந்துவிட்டது.

சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி மயிர் நீக்கி, சதை சுரண்டி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். வியாபாரத்தை நடத்தியவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்கள். தோலைத் தொடுவது தீட்டு என்று மற்றவர்கள் ஒதுங்கி நின்ற தொழிலில் இந்த ரெண்டு பேரும்தான் ஊரைக் கட்டினார்கள். நான் மிகைப்படுத்தவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இல் வந்தது, தோல் வியாபாரக் குடும்பங்களின் ஆதரவோடு. சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிற சித்திக் சராய் சத்திரத்தைக் கட்டியது மேல்விஷாரத்துத் தோல் வணிகர் நவாப் அப்துல் ஹக்கீம்.

சத்திரம் ஏன் அங்கே? பொடிநடையாகப் போனால் பெரியமேடு வந்துவிடும். வேலூர்ப் பக்கத்து டேனரிக்காரர்களுக்குக் கச்சாத் தோல் வாங்கவும், பதனிட்டதை விற்கவும் இருந்த சந்தை அதுதான். அங்கிருந்து கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போகும். அந்தத் தோலுக்கு லண்டனில் என்ன பெயர்? 'ஈஸ்ட் இந்தியா'. கம்பெனி ஆட்சி போன பிறகும் பெயர் மட்டும் போகவில்லை. இன்றும் தாவரப் பட்டையில் பதனிட்ட தோலை டிரேடில் 'ஈ.ஐ.' என்றுதான் சொல்கிறார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்பாகத்துக்கு இந்தத் தோல் தேவைப்பட்டு, அரசே கொள்முதலைக் கையில் எடுத்துக்கொண்டது. ஆம்பூர்க்காரர் பதனிட்ட தோல் பிரான்ஸ் பதுங்குகுழிச் சேற்றில் நடந்திருக்கிறது. ஆம்பூரில் எத்தனை பேர் காலில் ஷூ இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்க.

இடையில் குரோம் வந்தது. மெட்ராஸில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1900-களின் தொடக்கத்தில் குரோம் பதனீட்டைச் சோதித்துப் பார்த்தார். பிறகு சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் கம்பெனி பல்லாவரம் பக்கத்தில் வந்து, அந்த இடமே குரோம்பேட்டை ஆனது. தினமும் அந்த ஸ்டேஷன் வழியா போறவங்க பல பேருக்கு இது தெரியாது! பட்டையில் வாரக்கணக்கில் ஊறின வேலை, குரோம் உப்பில் ஒன்றிரண்டு நாளில் முடியும். இந்த வேகத்தின் விலைக்குப் பிறகு வரேன்.

ரொம்ப காலம் இந்தப் பகுதி அரைகுறையாகப் பதனிட்ட தோலை அனுப்பியது. லாபம் கிடைக்கிற கடைசிக்கட்ட வேலை இத்தாலியிலும் ஜெர்மனியிலும் நடந்தது. 1972-இல் சீதாராமையா கமிட்டி, இப்படி அரைப் பண்டமாக விற்பதைக் குறைக்கச் சொன்னது. மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆரம்பத்தில் டேனரிக்காரர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் அதற்குப் பிறகுதான் முழுசாகப் பதனிட்ட தோல், அப்பர், கடைசியில் முழு ஷூ என்று தொழில் படியேறியது. ஷூ தைக்க ஆள் வேண்டும். அந்த ஆள், பெரும்பாலும் சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்கள். காலையில் ஆம்பூர் ரோட்டில் வரிசையாக வரும் ஷூ கம்பெனி பஸ்களைப் பார்த்தாலே புரியும். நம்ம ரோட்டோரக் கடைகளுக்குச் சரக்கு வந்ததும் இந்த மாற்றத்தால்தான். தோலை மட்டும் ஏற்றுமதி செய்தவரை மிஞ்சுவதற்கு ஷூ ஏது?

இப்போ நான் இந்த எபிசோடை எடுத்ததுக்கான காரணம். ரெண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்க.

1989-இல் ஜெர்மனி, தோலில் பூஞ்சை வராமல் தடுக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோஃபீனால் என்ற ரசாயனத்தைத் தடை செய்தது. போடுகிறவர் காலுக்கு ஆபத்து என்று. இங்கே எல்லோரும் ஆடிப்போனார்கள். மாற்று ரசாயனம் தேடினார்கள், அடையாற்றில் இருக்கிற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கைகொடுத்தது, சில வருஷத்துக்குள் இந்தியாவிலும் அதற்குத் தடை வந்து விஷயம் முடிந்தது.

அதே சமயம், 1991-இல், வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுக்கிறது, கிணறு கெட்டுவிட்டது என்று. 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பு. அதில் உள்ள கணக்குகள்: ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர். குரோம் பதனீட்டில் சுமார் 170 ரசாயனங்கள். முழுதாகவோ பகுதியாகவோ விவசாயத்துக்கு உதவாமல் போன நிலம் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு இது. லா படிக்கிற எல்லோரும் இதைப் படிப்பார்கள்.

பிறகு 2001-இல் இழப்பீடு நிர்ணயமானது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 29,000 பேர். மொத்தத் தொகை சுமார் 27 கோடி. வகுத்துப் பாருங்க, ஆளுக்குச் சராசரியாக ஒன்பதாயிரம் சொச்சம். நல்ல பிராண்டு ஷோரூமில் ஒரு ஜோடி லெதர் ஷூவின் விலை. 2025 ஜனவரி 30-இல்கூட உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது: இழப்பீட்டைக் கொடுத்து முடியுங்கள், பாலாற்றைச் சீராக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு போடுங்கள் என்று.

ஜெர்மன் வாடிக்கையாளரின் கால் ஒரு சில வருஷத்தில் தொழிலையே மாற்றியது. பக்கத்து ஊர் விவசாயியின் கிணறு முப்பது வருஷத்துக்கும் மேலாக கோர்ட்டில் இருக்கிறது. தொழில்காரர்கள் மட்டும் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கு, செலவு பண்ணியிருக்காங்க. அந்த வேலையை நம்பி லட்சக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரியுது, டேனரியை இழுத்து மூடுங்கன்னு சென்னையில் ஏசி ரூமில் உட்கார்ந்து சொல்றது ஈஸி. ஆனா இந்தத் தொழிலுக்கு யார் குரல் சீக்கிரம் கேட்கும்னு இந்த ரெண்டு தேதியும் காட்டிடுது. ஷெல்ஃப் முன்னாடி நிக்கிறவன் குரல். இப்போ அந்த இடத்தில் நாமளும் நிக்கிறோம். எந்த டேனரித் தோல், கழிவுநீர் எங்கே போகுதுன்னு நாம யாரும் கேக்கிறதில்லை. 'டிஸ்கவுண்ட் உண்டா'ன்னு மட்டும் கேக்கிறோம்.

சரி, கடைக்குப் போறவங்களுக்குக் கொஞ்சம் யூஸ்ஃபுல்லா. சர்ப்ளஸ் ஷூவில் தோலை மட்டும் பார்க்காதீங்க, சோலைப் பாருங்க. பாலியூரித்தேன் சோல் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து, அலமாரியில் சும்மா இருந்தே உள்ளுக்குள் சிதையும். பழைய சரக்கு என்றால் போட்டு நாலு நாளில் கேக் மாதிரி உதிரும். கடையிலேயே நல்லா வளைச்சு, விரலால் அழுத்திப் பாருங்க. லோகோ வெட்டியிருந்தா பயப்பட வேண்டாம், பிராண்டு சொல்லித்தான் வெட்டியிருப்பாங்க. பளபளன்னு புது லோகோ இருந்து விலை ரொம்பக் கம்மின்னாதான் யோசிக்கணும். ஷூ வேண்டாம், பெல்ட்டோ பர்ஸோ போதும், இல்ல தோலையே வாங்கி நீங்களே தைக்கணும்னா ஆம்பூர் வரைக்கும் போகத் தேவையில்லை. பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோடு போங்க, சென்ட்ரலில் இறங்கி நடக்கிற தூரம்.

உங்க வீட்டில் யாராவது டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை பார்த்திருந்தா எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. முக்கியமா, பட்டைத் தொட்டி காலத்தைப் பார்த்த தாத்தா பாட்டி இருந்தா, அவங்ககிட்ட போனைக் குடுத்துட்டு நீங்க நகர்ந்துடுங்க.